கந்தா ஸேம் ஸேம்

என் மாமா ஒரு பொய்யர்.

அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர். இன்றைக்கும் நான் ஊருக்குப் போனால் ரயில் வருவதற்கு முன்பே வந்து பிளாட்பாரத்தில் நிற்பவர். அதெல்லாம் சரி. பொய்யர்தான்.

அவருடைய பொய் எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து ஆண்கள் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், நீ ஏம்ல துபாய்ல இருந்து திரும்பி வந்த என்று யாராவது கிளப்பி விடுவார்கள். பதில் தெரிந்தே கேட்பார்கள். மாமா உடனே என்னைத் தேடுவார். எந்த மூலையில் இருந்தாலும் இழுத்து வந்து நடுவில் நிறுத்துவார்.

"இந்தா நிக்காள்லா, என் மருமவ. இவ தலமுடியக் காப்பாத்திக்கிட, என் வேலையில தேங்காண்ணெயத் தடவிட்டா."

சிரிப்பு அடங்க நேரமாகும். பாவாடை சட்டையில் அந்த வட்டத்துக்கு நடுவில் நின்றிருக்கிறேன். சுடிதாரில் நின்றிருக்கிறேன். என் கல்யாணத்தன்று பட்டுப்புடவையிலும் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் புதிதாகக் கேட்கிறார்கள் என்பதால் அன்றைக்கு மாமா கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

இனி நான் அந்த வட்டத்துக்குள் போய் நிற்கமாட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். ஊரில் எத்தனை தடவை சொன்னாலும் எல்லாமே துபாய்தான். அம்மா ஒரு கிளினிக்கில் மருந்துக் கவுன்டரில் வேலை பார்த்தாள். அப்பா, பாலைவனத்துக்குள் தள்ளி இருந்த துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் ஏசி, இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்தார். நான் நாலாம் வகுப்பு. கோடை விடுமுறை. பகலில் என்னை வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் அப்பா என்னையும் கிளப்புக்குக் கூட்டிப் போவார்.

அந்தக் கோடையில்தான் மாமா விசிட் விசாவில் வந்தார். விசா முடிவதற்குள் ஒரு வேலை பிடிக்க வேண்டும். பிடித்தால் இருக்கலாம். இல்லையென்றால் ஊர். எங்கள் வீட்டில் மூச்சு விடுவதே அந்த ஒரு காரியத்துக்காகத்தான் என்பது போல அம்மா நடந்துகொண்டாள்.

எனக்கும் அவர் இருக்க வேண்டும். என் காரணம் வேறு. ஹாலில் ஏசிக்குக் கீழே மெத்தை விரித்து அவர் படுத்திருந்தார். காலையில் எழுந்து வந்தால் ஹாலில் ஒரு ஆள் கிடக்கிறார், காலை மிதித்தால் கத்துகிறார், இதெல்லாம் எனக்குப் புதுசு. சூப்பர் மார்க்கெட்டில் என்னை டிராலிக்குள் உட்கார வைத்து ஓட்டுவார். கீழ் மளிகைக்கடை மலையாளியிடமும் டாக்ஸி ஓட்டும் பட்டாணியிடமும் ஒரே மாதிரி அண்ணாச்சி என்று ஆரம்பிப்பார். நான் ஒற்றைப் பிள்ளை. எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது. அவர் வந்த பிறகு சத்தத்துக்குக் குறைவில்லை. அந்தச் சத்தம் என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

அப்பா கிளப்பில் சொல்லி வைத்தார். அங்கே பித்தளை அறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

பித்தளை அறை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ரைபிளில் சுட்ட பிறகு தோட்டாவின் பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கூடு கீழே விழும். அதைத் தூக்கிப் போடமாட்டார்கள். பொறுக்கி, கழுவி, பளபளப்பாக்கி மறுபடியும் நிரப்புவார்கள். நிரப்பும் வேலை வேறு கட்டடத்தில், போலீஸ் அனுமதியோடு, பூட்டுக்குள். இந்த அறையில் வெறும் பித்தளைதான். அதனால்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

வெடித்த கூடு உப்பியிருக்கும். எந்த ரைபிளில் வெடித்ததோ அந்த ரைபிளின் வயிற்று அளவுக்கு ஊதியிருக்கும். அதைப் பழைய அளவுக்கு அமுக்க வேண்டும். வெளிப்பக்கம் கிரீஸ் தடவி, பிரஸ்ஸில் மாட்டியிருக்கும் எஃகு அச்சுக்குள் விட்டு, கைப்பிடியை இழுத்தால் இறுகி வெளியே வரும். கேட்க எளிது. ஆனால் பித்தளைக்கு ரோஷம் உண்டு. அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் திரும்ப எழும்பும். குறைவாக அமுக்கினால் ரைபிளுக்குள் போய் உட்காராது. அதிகமாக அமுக்கினால் அடுத்த தடவை வெடிக்கும்போது இழுபட்டு அடியில் கீறல் விடும். கிரீஸுக்குப் பதில் வேறெதையாவது தடவினாலும் அமுங்கும் அளவு மாறிவிடும். சரியாக அமுக்கினாலும் போதாது. எல்லாக் கூடும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி என்றால் சுடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் குறி அங்கேயும் இங்கேயும் போகும். வெயில் தணிந்ததும் போட்டிகள் தொடங்கும். அதற்குள் வாளி வாளியாகக் கூடுகள் தயாராக வேண்டும்.

அந்த அறைக்குப் பெரியவர் ஒரு பெஷாவர்க்காரர். எல்லோரும் உஸ்தாத் என்பார்கள். அவர் வாயில் இரண்டு சொல்தான் வரும். கூட்டுக்குக் கழுத்து உண்டு, கழுத்துக்குக் கீழே சரிவாக ஒரு தோள் உண்டு. அந்தத் தோள் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அளவு. ஒவ்வொன்றையும் முள் ஓடும் கேஜில் வைத்துப் பார்த்து, முள் ஒரே இடத்தில் நின்றால் தலையை ஆட்டிக்கொண்டு சொல்வார்.

"கந்தா ஸேம் ஸேம்."

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக் கூடக் கழற்றவில்லை. அப்பா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அத்தான், அந்தப் பட்டாணி பாய் காலைல இருந்து முருகனைத்தான் கும்பிடுதாரு. ஒவ்வொரு கூட்டுக்கும் கந்தா, கந்தாங்காரு. நான் பயந்தே போயிட்டேன்."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "ஏ மாப்ள, இந்தியில கந்தான்னா தோள்பட்டைல. தோள் ஒண்ணுபோல இருக்கான்னு பாக்காரு."

மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுக்களையிலிருந்து அம்மா கையில் தோசைக்கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"தோளோ வேலோ, எனக்குத் தெரியாது. கூப்பிட்டது யாரு வாயில? எந்த ஊர்ல வச்சி?" என்றாள். "எந்தம்பிக்கு இந்த வேலை கெடச்சாச்சு."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அதற்குள் திருச்செந்தூர் இருக்கும் திசையை உத்தேசமாகப் பிடித்து, பால்கனிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டாள். வேலை உறுதியானதும் தம்பிக்கு மொட்டை. கூடவே மகளுக்கும் மொட்டை. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. வகுப்பில் என் முடிக்குத்தான் பெயர். அன்றைக்குக் குளியலறையில் போய் அழுதேன். பிறகு யோசித்தேன். முடி வளரும், மாமா திரும்பக் கிடைக்கமாட்டார். சரி என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். இது முக்கியம். சரி என்று நான் சொன்னேன். கதை சொல்லும்போது மாமா இதைச் சொல்வதே இல்லை.

மாமா தமாஷுக்காகச் சொன்ன ஒரு சொல்லை அம்மா அசரீரியாக்கிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து ஊருக்குப் போன் போட்டு எல்லோரிடமும் சொன்னாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், துலுக்கன் வாயால் முருகன் உத்தரவு கொடுத்துவிட்டான் என்று நம்பினார்கள். மாமா மட்டும் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலையை வேகமாகப் பிடித்துக்கொண்டார். அதில் பொய் இல்லை. கைப்பிடியை அடிவரைக்கும் இறக்கியதும் உடனே விடக்கூடாது, ஒரு மூச்சு நேரம் அப்படியே நிறுத்த வேண்டும், அப்போதுதான் பித்தளை ரோஷத்தை விட்டு அடங்கும் என்று உஸ்தாத் காட்டிக்கொடுத்திருந்தார். ஒரு மூச்சு ஆளுக்கு ஆள் மாறுமே என்று மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். கைப்பிடியை இறக்குவார், "கந்தா" என்று ஒரு தடவை நிதானமாகச் சொல்வார், பிறகு விடுவார். எல்லாக் கூட்டுக்கும் ஒரே கந்தா. உஸ்தாத் கேஜில் வைத்தால் முள் அசையாது. மிய்யா மிய்யா என்று மாமாவின் முதுகில் தட்டுவார். நூற்றுக்கு நூறு என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஒருவர் தோளைச் சொன்னார், ஒருவர் முருகனைச் சொன்னார், வேலை நடந்தது.

அளவு பிடித்த கூடுகளிலிருந்து கிரீஸைத் துணியால் துடைப்பது என் வேலை. அந்தக் கிரீஸ் ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது. அறை முழுக்கத் தொழுவ வாடை அடிக்கும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டாலும் கையில் ஆடு போகாது. அம்மா திட்டுவாள். எனக்குப் பிடித்திருந்தது. வெளியே அடுப்பு போல வெயில், உள்ளே பல் கிட்டும் ஏசி, முன்னால் தங்கம் மாதிரி பித்தளை, பக்கத்தில் கந்தா கந்தா என்று மாமா. இதைவிட நல்ல விடுமுறை எனக்குப் பிறகு அமையவில்லை.

சாயங்காலம் எங்கள் பில்டிங்குக்குக் கீழே இருந்த போன் பூத்துக்கு மாமா போவார். கார்டு போட்டுப் பேசுவார். நானும் கூடப் போய்ப் படியில் உட்கார்ந்திருப்பேன். யாரிடம் என்று கேட்டால் ஊரில் ஏஜெண்ட் என்பார். ஏஜெண்டிடம் அவர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். மழை பெய்ததா என்று கேட்பார். எல்லா ஏஜெண்டிடமும் இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உஸ்தாத் பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். நாலு பிள்ளைகள். மூத்ததிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பெயர் சொல்லி வந்தார். கடைசிப் பிள்ளைக்கு வந்ததும் இது நடக்க ஆரம்பித்துவிட்டது என்று போனில் சொன்னார்கள் என்றார். அப்பா அதைத் தமிழில் மாமாவுக்குச் சொன்னார். மாமா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கடைசியில் சோதனை நாள் வந்தது. விசா முடிய இரண்டொரு நாள்தான் பாக்கி. ஒரே ரைபிளில் வெடித்த கூடுகளாகப் பார்த்து ஒரு வாளி நிறைய உஸ்தாத் எடுத்து வைத்திருந்தார். மாமா தனியாக அவற்றை அமுக்க வேண்டும். மதியத் தொழுகை முடிந்து உஸ்தாத் வந்து அளப்பார். மேலாளரும் வருவார், அவரை எல்லோரும் முதீர் என்பார்கள். தோள் ஒன்றுபோல இருந்தால் மாமாவுக்கு விசா. இல்லையென்றால் வரிசையில் ஒரு மலையாளி இருந்தார், அவருக்கு.

அன்று காலை வீட்டில் அம்மா பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தபோது மாமா என் காதருகே குனிந்தார்.

"மருமவளே, அங்க கிரீஸ் டப்பா அடி தட்டிருச்சு. அம்மைக்குத் தெரியாம தேங்காண்ணெய் பாட்டில எடுத்துப் பையில வச்சிக்கோ."

வைத்துக்கொண்டேன். பித்தளை அறைக்குப் போய் எடுத்துப் பார்த்தால் எண்ணெய் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. வண்டியின் ஏசி போதாதென்று அந்த அறையின் ஏசி வேறு. குலுக்கினேன். ஒரு சொட்டு அசையவில்லை. மாமா பார்த்துவிட்டு, வெளியே படிக்கட்டில் வெயிலில் வை, முழுக்க உருகும் வரைக்கும் பக்கத்திலேயே இரு, யாராவது தட்டிவிடப் போகிறார்கள் என்றார். சுவரோரம் இருந்த ஒரு துண்டு நிழலில் உட்கார்ந்து நான் காவல் காத்தேன். உருகிய பிறகும் கொஞ்ச நேரம் காத்தேன். அவர் முழுக்க என்று சொல்லியிருந்தார்.

உள்ளே போனபோது வாளியில் அடியில் கிடந்தவை மட்டும்தான் மிச்சம். மாமா டக் டக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். கைப்பிடி சில தடவை அடிவரைக்கும் போனது, சில தடவை போகவில்லை. கந்தா சொல்லவில்லை. நன்றாகப் பழகிவிட்டது, இனிமேல் சாமி பெயர் தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எண்ணெய் பாட்டிலை நீட்டினேன். மேசையில் வை என்றார். திறக்கவில்லை. பக்கத்தில் கிரீஸ் டப்பா திறந்து கிடந்தது. பாதிக்கு மேல் இருந்தது. நான் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கூட்டிலும் ஆட்டு வாடைதான் அடித்தது. இதை நான் அன்றைக்கே மூக்கால் அறிந்தேன். மூக்குக்குத் தெரிந்தது புத்திக்கு வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

உஸ்தாத் வந்தார். முதீர் வந்தார். அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். உஸ்தாத் முதல் கூட்டைக் கேஜில் வைத்தார். சரி. அடுத்தது. முள் ஓடியது. அடுத்தது, எதிர்ப்பக்கம் ஓடியது. உஸ்தாத் தன் கண்ணை நம்பாமல் கேஜைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"கந்தா ஸேம் ஸேம் நஹி," என்றார்.

முதீர் மாமாவைப் பார்த்தார். மாமா மேசையில் இருந்த எண்ணெய் பாட்டிலைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். கற்றுக்கொண்ட நாலு இந்திச் சொல்லில் குழந்தைக்குப் பச்சி என்றார், தேங்காய்க்கு நாரியல் என்றார், தடவுவது போலக் கையால் செய்து காட்டினார். குழந்தை தனக்கு உதவி செய்வதாக நினைத்து, தான் பார்க்காத நேரத்தில் தடவிவிட்டது என்று அப்பாவுக்குத் தமிழிலேயே சொன்னார்.

நான் தடவவில்லை என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தி, சரி விடும்மா, தெரியாமச் செஞ்சதுதான என்றார். முதீர் கடிகாரத்தைப் பார்த்தார், கலாஸ், முடிந்தது என்றார், போய்விட்டார். அப்பா அவர் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனார்.

அறையில் மூன்று பேர் இருந்தோம். உஸ்தாத் ஒரு கூட்டை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து முகர்ந்தார். பிறகு மாமாவையே பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். உஸ்தாத் வந்து என் தலையில் கை வைத்து, பச்சி ஹை, கோயி பாத் நஹி என்றார். சின்னப் பிள்ளை, பரவாயில்லை. அப்புறம் மாமாவிடம் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார்.

"கர் ஜானா ஹை தோ ஜாவோ, யார்."

வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் போ, நண்பா. எனக்குப் பள்ளியில் இந்தி உண்டு, சொல்லுக்குச் சொல் புரிந்தது. வேலை முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பச் சொல்கிறார் என்று நினைத்தேன். எழுந்து என் பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். எந்த வீட்டைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமா என்ன நினைத்தாரோ, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் விடுவதாகத் தெரியவில்லை. நான் வாசலில் காத்திருந்தேன்.

அன்று அம்மா என்னைத் திட்டவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பின்னலைத் தடவிக்கொண்டே, மொட்டைக்குப் பயந்துட்டியாட்டி என்றாள். அவள்தான் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். மாமாவுக்கு அதுகூட வசதியாகப் போயிற்று. இல்லை என்றேன். சரி சரி, அழாதே என்றாள். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு நன்றாகச் சண்டை போட வரும். ஆனால் எல்லோரும் சேர்ந்து மன்னித்துவிட்டார்கள். மன்னித்துவிட்ட ஆட்களிடம் எதை வைத்து வாதாடுவது? கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து விட்டிருந்தாள். அந்தக் கையோடு கூட்டைத் தொட்டிருப்பேனோ? அந்த பாட்டில் அறைக்குள் வந்ததே தப்பாகிப் போயிற்றோ? முருகனுக்கு நேர்ந்த முடியை நான் ஒரு நொடி மனதுக்குள் தரமாட்டேன் என்று நினைத்திருப்பேனோ?

விமான நிலையத்தில் நான் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் குனிந்து, அழாதட்டி மருமவளே, உம்மேல தப்பு எதுவும் இல்ல என்றார். அவர் பேசியதிலேயே சுத்தமான உண்மை அதுதான். அம்மாவும் அப்பாவும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். போகும்போது மாமா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. துக்கம் தாங்காமல் போகிறான் என்று அம்மா சொன்னாள். பெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கிட்டத்தட்ட ஓடினார். துக்கத்தில் அப்படியும் ஓடுவார்கள் என்று நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருஷமே அவருக்குக் கல்யாணம். அடுத்த தெருவில் தையல் வகுப்பு நடத்திய அத்தையை அவரே பார்த்து முடிவு செய்திருந்தார். துபாயும் போச்சு, இதையாவது அவன் இஷ்டத்துக்கு விடுங்க என்று அம்மாதான் எல்லோரிடமும் பரிந்து பேசினாள். நான் ஜரிகைப் பாவாடை கட்டி, இடுப்புவரை தொங்கிய பின்னலில் பூ வைத்துக்கொண்டு ஆரத்தித் தட்டைப் பிடித்தேன். அன்றைக்குத்தான் அந்த வட்டமும், அந்தக் கதையும், அந்தச் சிரிப்பும் முதல் தடவை.

போன மாதம் அத்தையோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். நான் இப்போது அபுதாபியில் இருக்கிறேன். கணவர், ஒரு மகன், நல்ல வேலை. குறை ஒன்றும் இல்லை. அத்தையின் மகளுக்கு மறுநாள் ஏதோ நேர்முகத் தேர்வு. அவள் பயந்து கிடக்கிறாள் என்று சொல்லிவிட்டு அத்தை சிரித்தாள்.

"உங்க மாமா மாதிரி இருக்கணும்மா. டெஸ்டுக்கு மொத நாளே எனக்குப் போன் போட்டு, பொட்டி கட்டியாச்சு, நான் வாரேன்னுட்டாவ."

எந்த டெஸ்ட் அத்தை என்றேன்.

"அதாம்மா. நீ எண்ணெயத் தடவுனேல்லா, அந்த டெஸ்டு."

அத்தை அடுத்து பச்சை மொச்சை விலைக்குப் போய்விட்டாள். அவள் இன்றுவரை அந்தக் கதையை நம்புகிறாள். அந்தக் கதையையும் அந்தப் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளாத பெரிய விஷயம் இதுதான். வேலை கிடைத்தால் மாமா எங்கள் ஹாலிலேயே இருப்பார் என்று நினைத்தேன். ஏசிக்குக் கீழே மெத்தை, டிராலி, சத்தம் எல்லாம் அப்படியே தொடரும் என்று நினைத்தேன். வளைகுடாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எங்களைப் போல மனைவி, பிள்ளை, அடுக்களையோடு இருப்பார்கள் என்பது என் எண்ணம். மாமாவுக்குக் கிடைக்கவிருந்தது, கம்பெனி கொடுக்கும் ரூமில் தங்கியாக வேண்டிய கேம்ப் வேலை. சோதனையில் தேறியிருந்தால் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உஸ்தாத் இருந்த ரூமுக்குப் போயிருப்பார். அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. அத்தையின் மகள் நடக்க ஆரம்பித்ததைப் போனில் கேட்டிருப்பார். இது அவருக்குத் தெரிந்திருந்தது, அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, உஸ்தாதுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் மொட்டை போடச் சம்மதித்தது நான் ஒருத்திதான்.

மாமா, நீங்கள் திரும்பிப் போனதில் எனக்குக் கோபமில்லை. போனது சரி. நீங்கள் ஊரில் சந்தோஷமாக இருக்கிறீர்கள், உங்களைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷமாக இருக்கிறது. என் கோபம் வேறு. எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல ஒன்பது வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தினீர்கள். அம்மா இன்றைக்கும் உங்களுக்குச் சாப்பாடு வைக்கும்போது மீன் தலையை உங்கள் இலைக்குத் தள்ளிவிட்டு, அவ சின்னப் பிள்ள, மனசுல வச்சிக்கிடாதல என்கிறாள். நீங்களும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு மீனைச் சாப்பிடுகிறீர்கள்.

இதை நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுகிறேன். எல்லோரும் படிப்பார்கள். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் பேச வேண்டாம், எடுக்கமாட்டேன். சிரிக்கும் பொம்மை அனுப்பித் தப்பிக்கவும் வேண்டாம். எல்லோருக்கும் தெரியும்படி அங்கேயே பதில் எழுதுங்கள். என் கேள்வி ஒன்றுதான். வேண்டாம் என்று யாரிடம் சொல்லப் பயந்தீர்கள்? ஆளைச் சொல்லுங்கள். அன்றைக்குக் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைச் சொன்னீர்களே, அதே மாதிரி.